சம்பந்தியம்மாவும் இரண்டரை டிகிரியும்

மகள் மாடிப்படியில் சறுக்கி விழுந்து, கணுக்கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்த நான்காம் நாள் அவளைப் பார்க்கச் சம்பந்தியம்மா பஸ் ஏறி வந்தார். மருமகன் வேலை விஷயமாகத் தொலைவில் இருந்தான். அம்மா ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வருகிறார், தங்கி மருமகளைப் பார்த்துக்கொள்வார் என்று முதல் நாளே போனில் சொல்லியிருந்தான்.

வீட்டோடு சேர்த்துக் கடைசல் பட்டறை வைத்திருந்த அவள் அப்பாவை ஊரில் எல்லோரும் டர்னர் என்றே கூப்பிடுவார்கள்; அவருக்கு இந்த வரவில் அவ்வளவு உற்சாகம் இல்லை. சம்பந்தியம்மாமீது அவருக்கு எந்தக் குறையும் கிடையாது. கல்யாணத்தில் பார்த்ததுதான், அதிகம் பேசாத, நிமிர்ந்து நடக்கிற மனுஷி. ஆனால் சம்பந்தி வீட்டில் இருந்தால் எண்ணெய்க் கறை பனியனோடு சாப்பிட உட்கார முடியாது. சட்டை போட வேண்டும், தலை வார வேண்டும், சிரிப்பு வராத இடத்திலும் சிரிக்க வேண்டும். அதுவும் இந்த வாரமா வர வேண்டும் என்று மனைவியிடம் முணுமுணுத்தார். இரும்பு கடையும் லேத் மெஷினில் படகு ஷாஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஊரை ஆறு இரண்டாகப் பிளந்திருந்தது. பாலம் வெகுதூரம் தள்ளி. பள்ளிக்கூடம் இக்கரையில், ஆஸ்பத்திரி அக்கரையில். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மோட்டார் படகு. அது ஓடினால் கால் மணி நேரம், ஓடாவிட்டால் பாலத்தைச் சுற்றி அரை நாள். படகு நின்று ஐந்து நாள் ஆகிவிட்டது. பட்டறையைக் கடந்து போகிறவர்கள் எல்லாம் வாசலில் ஒரு நிமிடம் நின்று, ஒன்றும் கேட்காமல், எட்டி மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள். கேட்டிருந்தால்கூடத் தேவலை.

படகின் இன்ஜினிலிருந்து பின்பக்கமாக நீளும் இரும்புத் தண்டுதான் ஷாஃப்ட். அதன் நுனியில் தண்ணீரைத் தள்ளும் வெண்கலப் புரொப்பல்லர். ஷாஃப்டின் கடைசி நூற்றிருபது மில்லிமீட்டர் உருளையாக இருக்காது. நாற்பது மில்லி கனத்தில் தொடங்கி, நுனிக்குப் போகும்போது முப்பதாகச் சிறுத்திருக்கும். இப்படிச் சிறுப்பதைத்தான் பட்டறையில் டேப்பர் என்பார்கள். புரொப்பல்லரின் நடுத்துளையும் அதே கணக்கில் சிறுத்திருக்கும். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று ஏறி, நுனியில் நட்டு போட்டு இறுக்கினால், கணவன் மனைவி மாதிரி, பிரிப்பது கஷ்டம். கூடுதல் காவலுக்கு இரண்டுக்கும் நடுவில், காடிக்குள், கீ என்று ஒரு சின்ன இரும்புத் துண்டும் உண்டு.

ஆனால் இந்தப் படகில் மட்டும் இந்தத் தாம்பத்தியம் நிலைக்கவில்லை. படகோடு வந்த பழைய ஷாஃப்ட் பதினோரு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளத்தில் முறிந்தது. அதற்கு மாற்றாக டர்னர்தான் முதல் ஷாஃப்டைக் கடைந்து கொடுத்தார். இரண்டு வருடத்தில் கீ நறுக்கென்று அறுந்து புரொப்பல்லர் கழன்றாடியது; இரண்டாவது ஷாஃப்ட் போட வேண்டிவந்தது. அதற்கும் அதே கதி. இப்போது கடைந்துகொண்டிருப்பது ஐந்தாவது.

பழி முழுவதும் படகோட்டியின் தலையில் விழுந்தது. கூப்பிடும்போதெல்லாம் அவர் எதிர்க்கரையில் இருப்பதால் ஊரில் அவருக்குப் பெயரே 'அக்கரை'தான். மணல்மேட்டில் கொண்டுபோய் இடிக்கிறார், அதனால்தான் புரொப்பல்லர் ஆட்டம் காண்கிறது என்று படகுத்துறை அலுவலகம் எழுதியது. டர்னரும் அதையே சொன்னார். ஒருமுறை கடைத்தெருவில் பத்துப் பேர் முன்னால், இரும்பு பொய் சொல்லாது, இடித்தவன் நீதான் என்று அக்கரையிடம் சொன்னதுண்டு. மூன்று எச்சரிக்கைக் கடிதம் ஆகிவிட்டது. இன்னும் ஒருமுறை கழன்றால் சுக்கான் வேறு கைக்குப் போகும் என்று கடைசிக் கடிதத்தில் இருந்தது.

சம்பந்தியம்மா வந்த அன்று மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, டர்னரின் மனைவி ஒரு ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கழுத்துக்கு எவ்வளவு இறக்கம் விட்டால் எடுப்பாக இருக்கும் என்று யோசனை கேட்டாள். சம்பந்தியம்மா துணியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தனக்குத் தையல் தெரியாதே என்றார். அம்மா ஃபேக்டரியில் அளவு எடுக்கிறார் என்று மாப்பிள்ளை சொன்னாரே என்று இவள் விழித்தாள். கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்த மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அளவு எடுக்கறது நிஜம்தான் சம்பந்தி. ஆனா நான் இரும்புக்குத்தான் எடுக்கறேன். அது உடம்பு பெருத்துடுச்சுன்னு வந்து சண்டை போடாது" என்றார் சம்பந்தியம்மா.

மெஷின் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், வெளியே போகும் ஒவ்வொரு உருப்படியும் கடைசியாக வந்து நிற்கும் அளவு அறையில், இருபத்தாறு வருடமாக அவருக்கு வேலை. அவர் தலையாட்டினால்தான் பெட்டியில் ஏறும். கதவுக்கு அந்தப் பக்கம் லேத்தில் நின்றிருந்த டர்னர் காதில் இது விழுந்தது. கை அனிச்சையாகச் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டது.

மரியாதைக்காக மறுநாள் காலை அவரைப் பட்டறையைப் பார்க்க அழைத்தார். பார்த்தால் ஐந்து நிமிடம் பார்ப்பார், நன்றாயிருக்கிறது என்பார், போய்விடுவார் என்று நினைத்தார். சம்பந்தியம்மா உள்ளே வந்ததும் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். அதைக் கண்டதுமே டர்னருக்கு அவர்மேல் பாதி மதிப்பு வந்துவிட்டது. அடுத்தவன் மெஷினைத் தொடக்கூடாது என்பது வேலை தெரிந்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த நாகரிகம். ஊரில் எத்தனையோ பெரிய மனிதர்கள் வந்து ஓடுகிற சக்கரத்தில் விரலை வைக்கப் போயிருக்கிறார்கள்.

அவர் லேத்தைச் சுற்றி வந்தார். வெட்டும் கருவியின் முனை சரியாக நடுமட்டத்தில் நிற்பதைக் குனிந்து பார்த்து, நூல் பிசகாமல் வைத்திருக்கிறீர்கள், இந்த உயரம் கொஞ்சம் தவறினாலும் டேப்பரின் வயிறு உள்வாங்கிவிடும் என்றார். டர்னர் பூரித்தார். இதை இதுவரை யாரும் கவனித்துச் சொன்னதில்லை. முடிந்து மேசைமேல் கிடந்த புது ஷாஃப்ட், தரையில் சாய்ந்து நின்ற வெண்கலப் புரொப்பல்லர், மூலையில் கிடந்த தேய்ந்த பழைய ஷாஃப்ட் எல்லாவற்றிலும் அவர் பார்வை நின்று நின்று நகர்ந்தது. கடைசியில் சுவருக்கு வந்தது. அடிக்கடி வரும் வேலைகளின் அளவுகளை டர்னர் அங்கே பெயிண்டில் எழுதி வைத்திருந்தார். 'படகு: 40, 30, 120. 2½ டிகிரி.'

"இந்த ரெண்டரை எங்கேர்ந்து வந்தது சம்பந்தி?"

டர்னர் சொன்னார். நாற்பதில் முப்பது போனால் பத்து. நூற்றிருபது நீளத்துக்குப் பத்து என்றால் பன்னிரண்டுக்கு ஒன்று. வெட்டும் கருவியைத் தாங்கி நகர்கிற 'மேல் ஸ்லைடை'த் திருப்பி வைக்க வேண்டியது அதில் பாதிக் கோணம்; புத்தகத்தில் பார்த்தால் இரண்டு டிகிரிக்கு மேல் கொஞ்சம் என்று வரும். ஆனால் அவருடைய லேத்தில் டிகிரிக்கு ஒரு கோடுதான் உண்டு. இரண்டாம் கோட்டுக்கும் மூன்றாம் கோட்டுக்கும் நட்டநடுவில் வைத்தால் இரண்டரை. சொச்சத்தைக் கண்ணால் எப்படி வைப்பது? அந்த மயிரிழை வித்தியாசம் என்ன செய்துவிடும்?

"ம்" என்றார் சம்பந்தியம்மா. அதோடு, மருமகளுக்கு மாத்திரை கொடுக்க நேரமாகிவிட்டது என்று உள்ளே போய்விட்டார்.

அந்த 'ம்' டர்னரை விடவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். தப்பு என்று சொல்லியிருந்தால் வாதாடியிருக்கலாம். இந்த 'ம்' செருப்புக்குள் புகுந்த சின்னக் கல் மாதிரி இருந்தது. ஷாஃப்டைத் துடைத்தார், எண்ணெய் போட்டார், காகிதம் சுற்றினார், சுற்றிய காகிதத்தைப் பிரித்தார். ஒன்பது வருடமாகக் கேட்காத கேள்வி ஒன்று எங்கோ அடியில் தலைதூக்கியது. இடிக்கவே இல்லை என்று அக்கரை சொல்வது உண்மையாக இருந்தால்?

சாயங்காலம் தேநீர் நேரத்தில் அவராகவே கூடத்துக்கு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கேட்டுவிட்டார். "காலையில ஒரு 'ம்' சொன்னீங்களே சம்பந்தி. அதைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்லுங்க."

"உங்க வீட்டுக்கு வந்து உங்க வேலையில குத்தம் சொன்னா நல்லாவா இருக்கும்?"

"குத்தம் இருந்தா நல்லா இருக்காதுதான். தெரியாமப் போனா இன்னும் நல்லா இருக்காது."

சம்பந்தியம்மா தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, எனக்கும் இன்னும் தெரியாது, இரும்பையே கேட்டுப் பார்ப்போம் என்று எழுந்தார். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இரண்டு பேரிங் குண்டுகள் கிடைக்குமா என்று கேட்டார். கல்லுடைக்கும் மெஷினின் பேரிங்குகள் ரிப்பேருக்கு வந்தபோது மிஞ்சிய குண்டுகள் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. அதில் கையை விட்டு அளைந்து, ஒன்றேகால் அங்குலக் குண்டு ஒன்றையும் ஒன்றரை அங்குலக் குண்டு ஒன்றையும் அவர் பொறுக்கினார். கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவினார். டர்னரின் மைக்ரோமீட்டரை அனுமதி கேட்டு எடுத்து ஒவ்வொரு குண்டையும் மூன்று பக்கம் திருப்பித் திருப்பி அளந்தார். முப்பத்தொன்று புள்ளி ஏழு ஐந்து மில்லி; முப்பத்தெட்டு புள்ளி ஒன்று மில்லி.

புரொப்பல்லரை அகன்ற வாய் மேலே இருக்கும்படி மேசைமேல் நிறுத்தினார்கள். சம்பந்தியம்மா துளையைத் துணியால் துடைத்து, சிறிய குண்டை உள்ளே மெல்ல விட்டார். அது கீழே இறங்கி, சுவர் நெருக்கிய இடத்தில் டக்கென்று நின்றது. துளையின் வாயிலிருந்து குண்டின் உச்சிவரை எவ்வளவு ஆழம் என்று ஆழமானியால் அளந்தார். எண்பத்திரண்டு புள்ளி ஏழு ஒன்பது. குண்டை எடுத்துவிட்டுப் பெரியதை விட்டார். அது மேலேயே நின்றுவிட்டது. மூன்று புள்ளி மூன்று ஐந்து. இரண்டையும் மறுபடி மறுபடி, ஐந்து ஐந்து தடவை அளந்தார். ஐந்திலும் அதே எண்.

டர்னர் மேசைமேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேலையின் பாதி நாள் அவர் துளைகளோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறார். துளையின் வாய் அடிபட்டு மழுங்கியிருக்கும், அடியும் அப்படித்தான். இரண்டு முனையையும் நம்ப முடியாது, நடுவில் எந்த அளவுகோலும் போகாது. அந்த இருட்டுக்குள் இரண்டு குண்டுகளை ஒற்றர்களாக அனுப்பி, எங்கே எங்கே நின்றீர்கள் என்று கேட்டே சுவரின் சரிவைக் கண்டுபிடிக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

கணக்கைச் சம்பந்தியம்மா சிகரெட் அட்டை அளவுக் காகிதத்தில் பென்சிலால் போட்டார். இரண்டு ஆழத்துக்கும் வித்தியாசம் எழுபத்தொன்பது புள்ளி நான்கு நான்கு. ஆனால் அது உச்சிக்கு உச்சி. நமக்கு வேண்டியது மையத்துக்கு மையம். ஆகவே இரண்டு குண்டுகளின் ஆர வித்தியாசமான மூன்று புள்ளி ஒன்று ஏழு ஐந்தைக் கழித்தால் எழுபத்தாறேகால் சொச்சம். அத்தனை தூரம் மேலே வந்ததற்குச் சுவர் மூன்று சொச்சம் விலகியிருக்கிறது. ஒன்றை மற்றதால் வகுத்தார். இருபத்து நான்குக்கு ஒன்று. இரு பக்கமும் சேர்த்தால் பன்னிரண்டுக்கு ஒன்று.

"துளை அசல்படிதான் இருக்கு சம்பந்தி. தேயல, கெடல. இதோட பாதிக் கோணம் ரெண்டு டிகிரி இருபத்திமூணு நிமிஷம். நீங்க வச்சது ரெண்டு டிகிரி முப்பது நிமிஷம்."

ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம் என்று டர்னருக்குத் தெரியும். ஆக வித்தியாசம் ஏழு நிமிடம். அதைச் சொல்லிப் பார்த்தபோது ஒன்றுமில்லாத சமாசாரம் மாதிரித்தான் இருந்தது. சம்பந்தியம்மா, எங்கே தொடுகிறது என்று கறை காட்டிக்கொடுக்கும் நீல மையை எடுத்துக் கொடுத்தார். டர்னர் புது ஷாஃப்டின் டேப்பர்மேல் அதை விரல் நுனியால் மெல்லிசாகப் பூசி, துளைக்குள் ஏற்றி, கால் சுற்றுத் திருப்பி, வெளியே உருவினார். விளக்கைப் பிடித்துத் துளைக்குள் பார்த்தார்.

அகன்ற வாயருகே ஒரு விரற்கடை அகலத்துக்கு நீல வளையம். மற்ற இடமெல்லாம் வெண்கலம் வெண்கலமாகவே இருந்தது. நுனிப்பக்கம் ஒவ்வொரு புறமும் கால் மில்லி இடைவெளி. நூற்றிருபது மில்லி நீளத்துக்குக் கட்டிப்பிடிக்க வேண்டிய இரண்டும் பதினோரு வருடமாக ஒரு வளையத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தன. இன்ஜினின் முழு இழுப்பையும் தாங்கியது அந்தச் சின்னக் கீ. அது அறுந்ததில் ஆச்சரியமில்லை. இரண்டு வருடம் தாங்கியதுதான் ஆச்சரியம்.

டர்னர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இரும்பு பொய் சொல்லாது என்று கடைத்தெருவில் தான் சொன்னது நினைவுக்கு வந்தது. இரும்பு பொய் சொல்லவில்லைதான். கேட்கத் தெரியாமல் இருந்தது அவர்.

சம்பந்தியம்மா சுவரில் எழுதியிருந்ததைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, ஏதோ சில்லறை விஷயம் சொல்வதுபோல் சொன்னார்: "உங்க ரெண்டரை சரியான நம்பர்தான் சம்பந்தி. டிகிரின்னு எழுதினதுதான் தப்பு. மில்லின்னு எழுதணும்."

அவருக்குப் புரியவில்லை. சம்பந்தியம்மா விளக்கினார். கோட்டைப் பார்த்து வைக்க வேண்டாம். கோட்டுக்குக் கண் எட்டாது. லேத்தில் ஒரு நேர் உருளையை மாட்டி, நூறில் ஒரு மில்லியையும் முள்ளில் காட்டும் டயல் கேஜை ஸ்லைடில் பொருத்தி, அதன் மூக்கை உருளைமேல் தொட வைத்து, ஸ்லைடை அறுபது மில்லி நகர்த்தினால் முள் எவ்வளவு நகர வேண்டும்? இருபத்து நான்குக்கு ஒன்று என்றால் அறுபதுக்கு இரண்டரை. முள் இரண்டரை மில்லி காட்டும்வரை ஸ்லைடைத் தட்டித் தட்டித் திருப்பினால் போதும். டிகிரியே வேண்டாம்.

டர்னருக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கண் கொஞ்சம் கலங்கியது. முழுப் பூசணிக்காய் அளவுத் தப்பைக் கண்டுபிடித்துவிட்டு, அதிலேயே அவர் தலை நிமிர ஒரு இடமும் தேடிக் கொடுக்கிற மனுஷியை அவர் அதுவரை பார்த்ததில்லை. சம்பந்தி மரியாதை என்றால் தட்டில் வைத்து நீட்டுவது என்றுதான் நினைத்திருந்தார்.

ஆனால் இப்போது வேறு சிக்கல். புது ஷாஃப்டின் நுனி ஏற்கெனவே அரை மில்லி மெலிந்துவிட்டது. வெட்டியதை ஒட்ட வைக்க முடியாது. வேறு தண்டு வரவழைக்கப் பத்து நாள் ஆகும். அதுவரை பிள்ளைகள் பாலத்தைச் சுற்ற வேண்டும். சம்பந்தியம்மா மறுபடி பென்சிலை எடுத்தார். நுனியை அப்படியே விட்டுவிட்டு, அடிப்பக்கத்தில் அரை மில்லி சீவிச் சரியான சரிவுக்குக் கொண்டுவந்தால், புரொப்பல்லர் பழைய இடத்தைவிட உள்ளே ஏறி உட்காரும். எவ்வளவு? அரை மில்லிக்குப் பன்னிரண்டு மடங்கு, ஆறு மில்லி. படகின் அடியில், ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குக்கும் புரொப்பல்லருக்கும் நடுவில் ஆறு மில்லிக்கு மேல் இடம் இருந்தால் இந்த ஷாஃப்டே பிழைக்கும். அதை இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது. படகில் போய் அளக்க வேண்டும்.

அதாவது அக்கரையிடம் போக வேண்டும்.

மறுநாள் காலை டர்னர் தனியாகத்தான் போனார். சம்பந்தியம்மா கூட வரட்டுமா என்று கேட்டதற்கு, இது நான் சுமக்க வேண்டிய மூட்டை என்றார். படகைக் கரையில் இழுத்து மரக்கட்டைகள்மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். அக்கரை அதன் அடியில் உட்கார்ந்து பாசி சுரண்டிக்கொண்டிருந்தார். டர்னர் அடியில் படுத்து, இன்ஜினிலிருந்து பேரிங்கின் விளிம்புவரை அளவெடுத்து, ஷாஃப்டின் நீளத்தோடு ஒப்பிட்டு இடைவெளியைக் கணக்கிட்டார். இருபத்திரண்டு மில்லி. ஆறு போனாலும் பதினாறு மிச்சம். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அளவு கிடைத்துவிட்டது, வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை.

"அக்கரை, நீ மணல்ல இடிக்கல" என்றார்.

"அதைத்தான் ஒன்பது வருஷமா நானும் சொல்றேன் மேஸ்திரி."

"தப்பு என் ஷாஃப்ட்ல. அஞ்சுலயும். ஏழு நிமிஷம் தப்பு."

அக்கரை சுரண்டுவதை நிறுத்தினார். ஏழு நிமிஷம் தாமதமாக வந்ததற்கெல்லாம் யாராவது மன்னிப்புக் கேட்பார்களா என்பதுபோல் பார்த்தார். டர்னர் கீழே உட்கார்ந்து, ஈர மணலில் குச்சியால் ஷாஃப்டையும் துளையையும் வரைந்து, எங்கே தொட்டது, எங்கே தொடவில்லை என்று காட்டினார். அக்கரை அந்தப் படத்தின் கோட்டை விரலால் தொடர்ந்து போனார். கோபப்படுவார் என்று டர்னர் காத்திருந்தார். கோபம் வரவில்லை.

"மூணாவது தடவை கழண்டப்போ எனக்கே என்மேல சந்தேகம் வந்துடுச்சு மேஸ்திரி. கண்ணு மங்கிடுச்சோன்னு டாக்டர்கிட்டகூடக் காட்டினேன். நல்லாத்தான் இருக்குன்னார். அதையும் நம்பல. அப்பறம்தான் மணல்மேட்டை விட்டு ரொம்ப விலகி, சுத்தியே ஓட்ட ஆரம்பிச்சேன்."

படகு ஏன் கொஞ்ச வருடமாக மெதுவாகப் போகிறது என்று ஊரே முனகியதுண்டு. டர்னரும் முனகியிருக்கிறார்.

"இதை ஆபீஸ்ல வந்து சொல்லுவீங்களா?" என்று கேட்டார் அக்கரை.

"சொல்றேன். எழுதியும் தரேன்."

அன்று மத்தியானமே ஷாஃப்டை மறுபடி லேத்தில் ஏற்றினார்கள். முதலில் பழைய இரண்டரை டிகிரியிலேயே ஸ்லைடு என்ன காட்டுகிறது என்று பார்த்தார்கள். அறுபது மில்லிக்கு முள் இரண்டு புள்ளி ஆறு இரண்டுக்குப் போனது. டர்னர் ஸ்லைடின் போல்ட்டைச் சற்றே தளர்த்தி, மரச்சுத்தியால் பூவைத் தொடுவதுபோல் தட்டினார். இரண்டு புள்ளி ஐந்து ஐந்து. இன்னொரு தட்டு, இரண்டு புள்ளி நான்கு எட்டுக்கு இறங்கிவிட்டது. மறுபக்கம் ஒரு தட்டு. முக்கால் மணி நேரம் தட்டினார்கள். முள் இரண்டரையில் வந்து நின்றது. நகர்த்திக் கொண்டுவந்து மறுபடி போனார்கள், மறுபடி இரண்டரை. போல்ட்டை இறுக்கும்போது அது நகர்ந்துவிடும் என்று சம்பந்தியம்மா எச்சரித்தார். நகர்ந்தது. மறுபடி தட்டினார்கள்.

பிறகு வெட்டு. டேப்பர் வெட்டும்போது மேல் ஸ்லைடைக் கையால் சுற்றித்தான் நகர்த்த வேண்டும். நூற்றிருபது மில்லியும் நிற்காமல், வேகம் கூடாமல் குறையாமல், ஒரே மூச்சில். கை தயங்கினால் அந்த இடத்தில் தழும்பு விழும். டர்னர் கால்களை அகட்டி நின்று, இரண்டு கைகளாலும் கைப்பிடியை மாற்றி மாற்றிச் சுற்றினார். இரும்புச் சுருள் ஒரே இழையாக, அறாமல், தரையைத் தொடும்வரை இறங்கியது. பின்னால் மினுமினுவென்று கண்ணாடிபோலச் சரிவு விரிந்தது. சம்பந்தியம்மா கைகளைப் பின்னால் கட்டியபடி, கண்ணெடுக்காமல் பார்த்தார்.

"எனக்கு அளக்கத்தான் வரும் சம்பந்தி. இருபத்தாறு வருஷமா அளக்கறேன். கையால இப்படி ஒரு வெட்டு நான் பார்த்ததில்ல."

மகளும் ஊன்றுகோலோடு நொண்டிக்கொண்டு கதவருகே வந்து நின்றிருந்தாள். மாமியார் பாராட்டி அப்பா வெட்கப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்ததாகப் பின்னால் கணவனிடம் போனில் சொன்னாள்.

நீல மை பூசினார்கள். துளையில் ஏற்றி, கால் சுற்றுத் திருப்பி, உருவ முயன்றபோது அது வரவில்லை. வெறும் கையால் அமுக்கியதற்கே இறுகிப் பிடித்திருந்தது. நுனியில் மரக்கட்டையை வைத்து ஒரு தட்டுத் தட்டிய பிறகுதான் விட்டது. துளைக்குள் வாயிலிருந்து அடிவரை, சுற்றிலும், ஒரே நீலம். டர்னர் விளக்கை அணைக்க மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடிதத்தை அவரே எழுதினார். ஊரில் பெயர் கெட்டுவிடுமே, பட்டறைக்கு யார் வருவார்கள் என்று மனைவி கவலைப்பட்டாள். பிறகு அவளே, யானைக்கும் அடி சறுக்கும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள் என்றாள். அவர் அதைச் சேர்க்கவில்லை. துளையின் கோணம் இவ்வளவு, தான் வைத்தது இவ்வளவு, படகோட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மட்டும் எழுதி, அக்கரையோடு போய்ப் படகுத்துறை அலுவலகத்தில் கொடுத்தார். அதிகாரி இரண்டு தடவை படித்தார். எண்கள் எதுவும் அவருக்கு விளங்கவில்லை. அப்படியென்றால் படகோட்டிமேல் தப்பில்லையா என்று கேட்டார். இல்லை என்றார் டர்னர். மூன்று எச்சரிக்கைக் கடிதங்களும் கோப்பிலிருந்து வெளியே வந்தன. அக்கரை அவற்றை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிழிப்பார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்.

பட்டறைக்கு வேலை குறையவில்லை. தன் தப்பைத் தானே எழுதிக் கொடுத்தவன் என்று கேள்விப்பட்டு, எதிர்க்கரையிலிருந்துகூட இரண்டு பேர் புதிதாக வந்தார்கள்.

சம்பந்தியம்மா புறப்பட்ட அன்று படகு ஓடிக்கொண்டிருந்தது. வரும்போது பாலத்தைச் சுற்றி வந்தவர், இப்போது எதிர்க்கரைக்குப் போய் பஸ் பிடிக்கலாம். டர்னர் பையைத் தூக்கிக்கொண்டு துறைவரை வந்தார். படகோட்டியிடம், இவங்கதான் அந்தக் குண்டு போட்டுப் பார்த்தவங்க என்று அறிமுகம் செய்தார். படகோட்டி எழுந்து நின்று கும்பிட்டு, துண்டால் இருக்கையைத் துடைத்து, சுக்கானுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார். படகு மணல்மேட்டைச் சுற்றாமல், பழைய குறுக்குவழியில், நேராக ஆற்றை அறுத்துக்கொண்டு போவதை டர்னர் கரையில் நின்று பார்த்தார்.

ஒன்றரை வருடம் கழித்து, படகின் பேரிங்கை மாற்ற வேண்டிவந்தது. அதற்குப் புரொப்பல்லரைக் கழற்ற வேண்டும். டர்னர் நட்டைக் கழற்றிவிட்டுத் தட்டினார். அசையவில்லை. இழுக்கும் கருவியை மாட்டி முறுக்கினார். கருவியின் கால்தான் வளைந்தது. நெருப்புக் காட்டிச் சூடேற்றி, அக்கரையும் அவரும் மாறி மாறி முறுக்கி, அரை நாள் போய், இருவர் சட்டையும் நனைந்து பிழியும்படி ஆயிற்று. டர்னர் மணலில் அப்படியே உட்கார்ந்து போனை எடுத்தார்.

"சம்பந்தி, நீங்க பண்ணி வச்ச வேலையைப் பாருங்க. காலையிலேர்ந்து மல்லுக்கட்டறோம், கழல மாட்டேங்குது."

மறுமுனையில் சம்பந்தியம்மா நிதானமாகக் கேட்டார். "அதுக்குத்தானே சம்பந்தி போட்டோம்?"

டர்னர் சிரித்துக்கொண்டே போனை அக்கரையிடம் நீட்டினார்.